தனிநாயகம் அடிகளும் பக்கத்து வீட்டு லத்தீனும்

தனிநாயகம் அடிகளாரைப் பற்றி இங்கே மேடையேறுபவர்கள் பெரும்பாலும் 1966 மாநாட்டோடு நின்றுவிடுகிறார்கள். முதல் உலகத் தமிழ் மாநாடு, நம்ம கோலாலம்பூரில் நடந்தது, கைத்தட்டல், அவ்வளவுதான். அவர் எழுதியதை யார் படிச்சீங்க என்று கேட்டால் பதில் வராது.

சங்கப் பாடல்களில் இயற்கை பற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது ‘லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி’. ரோமில் குருத்துவம் படித்தவர். தமிழிலக்கியத்தை முறையாகக் கற்றது அதற்குப் பிறகு. நூலின் பலமே அந்த வரிசைதான் என்பேன். இன்ன நிலத்துக்கு இன்ன உணர்வு என்ற ஏற்பாடு எவ்வளவு வினோதமானது என்பது, அது இல்லாத கிரேக்க, லத்தீன் கவிதைகளின் பக்கத்தில் வைக்கும்போதுதான் உறைக்கிறது.

எனக்கு ஒரு மறுப்பும் உண்டு. ‘இயற்கை’ என்ற தலைப்பு ஐரோப்பியக் கவிதை தந்த அளவுகோல். தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் மரத்தோடும் பறவையோடும் உணவு, பறை, தொழில் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. இதை இயற்கை என்று சுருக்கினால் உழைப்பு பின்னுக்குப் போய்விடுகிறது. நெய்தல் பாட்டில் உப்பு விற்கும் பெண் கடற்கரைக் காட்சியின் பகுதி மட்டுமா? அது அவள் பிழைப்பு.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்குமுன்பே சமஸ்கிருதமா தமிழா என்ற சண்டை நடந்தது. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்தைப் பரிந்துரைத்தார், கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ எதிர்த்து நின்றது, தமிழ் வென்றது. 1960களில் அத்துறைக்குத் தலைமை தாங்கியவர் அடிகளார். 1679இல் அச்சான புரொயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கானில் கண்டெடுத்து, 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். தமிழை ஒரு வெளியாள் சொல் சொல்லாகக் கற்றதன் சாட்சி அந்த அகராதி.

நாம் அப்படிக் கற்பிக்கிறோமா? செய்யுள், பொருள் விளக்கம், தேர்வுக் கேள்வி. நம்ம மொழிதானே, தானா புரியும் என்ற நினைப்பு. லத்தீன் வகுப்பில் யாருக்கும் அந்த நினைப்பு வராது. வேற்றுமையைப் பார்த்து, வினையைத் தேடி, ஒவ்வொரு வரியையும் அவிழ்க்க வேண்டும். சங்கத் தமிழும் பழைய மொழிதான். சொல்லைப் பிரிக்கவும், மறைந்து நிற்கும் உருபைக் கண்டுபிடிக்கவும் மாணவனை விடாமல் உரையை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால், அவன் கையில் மிஞ்சுவது உரையாசிரியரின் வாசிப்பு மட்டுமே. சாரங்கபாணி போராடி வாங்கிய இடத்தில் இதைத்தான் வைத்திருக்கிறோம்.

குறுந்தொகைப் பாடல் ஒன்றை, உரையை மூடி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் அவிழ்த்துப் பார்க்கும் வகுப்பு ஒன்று நடக்கட்டும். இன்னொரு நினைவுச் சொற்பொழிவைவிட அடிகளாருக்கு அது பொருத்தமாக இருக்கும்.