கரிசல் மண்ணும் 360 சதுர அடியும்

தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கீழ ஈரால், இளம்புவனம், படர்ந்தபுளி போன்ற கரிசல் ஊர்களில் ஏழைக்கு அரசு வீடு கிடைக்கும் வழி கிராம சபை வழியாகத்தான் போகிறது. 2024-இல் வந்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம், 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவதாக அறிவித்தது. குடிசையில் இருப்பவருக்கு 3.50 லட்சம் ரூபாய். வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். பயனாளிகள் பட்டியலுக்குக் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும்.

இந்த ஒப்புதல் முறையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. யார் வீட்டில் மழைக்குப் பாத்திரம் வைக்கிறார்கள், யாருக்கு டவுனில் இன்னொரு வீடு இருக்கிறது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் முதலில் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலை நம்பி நடந்தது. அதற்குப் பிறகு தனிக்குடித்தனம் போனவர்கள் அந்தப் பட்டியலில் எப்படி இருப்பார்கள்? சபையிலோ, "என் பேர் ஏன் விட்டுப்போச்சு?" என்று ஒரு பெண் எழுந்து கேட்கலாம். ஊரார் முன்னிலையில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்றிய அலுவலகத்து மேசையில் முடிவான பட்டியலிடம் அப்படிக் கேட்க முடியாது.

ஆனால் சபையின் அதிகாரம் 'யாருக்கு' என்பதோடு நின்றுவிடுகிறது. 'எப்படிப்பட்ட வீடு' என்பது மேலிருந்தே முடிவாகி வருகிறது. என் மனக்குறை இங்கேதான்.

கரிசல் மண் மழையில் ஊதும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். செம்மண் பூமியில் தோண்டுவதைப்போல் இங்கே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால், சில வருஷங்களிலேயே ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாக விரிசல் விடும். கெட்டித் தரை வரும்வரை ஆழமாகத் தோண்ட வேண்டும், மணல் கொட்ட வேண்டும், அடியில் கான்கிரீட் பெல்ட் போட வேண்டும் என்பது உள்ளூர்க் கொத்தனாருக்கே தெரியும். இப்படிப்பட்ட மண்ணுக்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடி அகன்ற பைல் அஸ்திவார முறையை உருவாக்கியிருக்கிறது. ஆனாலும் கெட்டித் தரைக்கும் கரிசலுக்கும் ஒரே 3.50 லட்சம். மண்ணுக்குள் போகும் கூடுதல் செலவுக்குக் குடும்பம் வட்டிக்கு வாங்குகிறது. இல்லையென்றால் ஆழத்தைக் குறைக்கிறது.

தண்ணீர் நிற்கும் மண் என்பதால் பேஸ்மென்டை உயர்த்துகிறார்கள். அது சரிதான். ஆனால் இரண்டடி உயரம் என்றால் வாசலில் மூன்று நான்கு படிகள் வந்துவிடும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் அடிக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது விதி. இரண்டடிக்கு 24 அடி. வீடு கட்டி முடிந்தபின் அந்த இடத்துக்கு எங்கே போவது? வானம் தோண்டக் கோடு போடும் நாளிலேயே வாசலின் திசையை யோசித்திருந்தால் பக்கச் சுவரை ஒட்டிச் சாய்தளத்தைக் கொண்டுபோயிருக்கலாம். வீட்டுக்கு வெளியே, இன்னொரு படி ஏறி, குறுகலான கதவு வழியாக நுழைந்து, குத்தவைத்து உட்கார வேண்டிய கழிப்பறை மூட்டு தேய்ந்த ஆச்சிக்கு எதற்கு உதவும்? மூன்றடிக் கதவு, சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, மேலைநாட்டுக் கோப்பை ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஆரம்பத்திலேயே கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வீட்டுத் திட்டங்களில் 5 விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது. ஒதுக்கீட்டில் வீடு கிடைத்தாலும் வாசற்படி அப்படியேதான் இருக்கிறது. அரசு கட்டிக்கொடுத்த பழைய வீடுகளில் 2.5 லட்சத்தை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்க்கும் திட்டமும் 2024-இல் அறிவிக்கப்பட்டது. அதன் நோக்கமும் கூரை, சுவர், தளம்தான். அங்கே வாழ்பவரின் உடல் நிலை அதில் வரவில்லை. இங்கிலாந்தில் 1996 சட்டப்படி, தகுதியுள்ள மாற்றுத்திறனாளிக்கு வீட்டை மாற்றியமைக்க உள்ளாட்சி மன்றம் மானியம் தந்தே ஆக வேண்டும். அங்கும் காத்திருப்பு நீளம்தான். ஆனால் அந்த வீட்டில் இருப்பவருக்கு என்ன தேவை என்று நேரில் பார்த்த பிறகே வேலை முடிவாகிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

எட்டயபுரம் ஊருக்குள் நிலைமை இன்னும் சிக்கல். அது பேரூராட்சி, கனவு இல்லம் ஊரகத்துக்கு மட்டும். 2015-இல் வந்த பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில், சொந்த இடத்தில் கட்டுபவருக்கு மத்திய அரசு 1.50 லட்சமும் மாநில அரசு 60,000 ரூபாயும் தந்தன. அந்தத் திட்டத்தின்படி எல்லைக்கு இந்தப்புறம் 2.10 லட்சம், அந்தப்புறம் 3.50 லட்சம், இரண்டும் ஒரே கரிசல். பட்டா இல்லாதவருக்கு இரண்டுமே இல்லை.

உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் வழிசெய்தது மனதார வரவேற்க வேண்டிய செயல். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் தூத்துக்குடி உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. ஓட்டு வாங்கிய தலைவர் இல்லாத சபையில் கேள்வி கேட்டாலும் பதிலுக்குக் கனம் இருக்காது.

கிராம சபையின் தேர்வு முறை அப்படியே இருக்கட்டும். அதோடு மண்ணைப் பார்த்துத் தொகையையும், குடியிருப்பவரைப் பார்த்து வரைபடத்தையும் மாற்றும் அதிகாரத்தைச் சபைக்கும் ஒன்றியப் பொறியாளருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் பட்டியலை வாசித்து முடித்ததும், அந்த வீட்டு வாசலில் எத்தனை படி, கழிப்பறைக் கதவு எத்தனை அடி என்று எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.