உருமாறும் போர்க்கலம்: விண்வெளிப் போர் விளையாட்டுகளில் உருவமும் உள்ளடக்கமும்

கலை இலக்கிய ஆய்வுகளிற் கணினி விளையாட்டுக்கு இடமுண்டா என்ற வினா நம்மிடையே இன்னும் தீர்க்கப்படாத ஒன்றாகவே இருந்து வருகின்றது. நாவல் தோன்றிய காலத்தில் அது வெறும் பொழுதுபோக்கு எனப் புறக்கணிக்கப்பட்டது. திரைப்படம் தோன்றியபோது சந்தைக் கேளிக்கை எனப்பட்டது. இன்று இரண்டும் பல்கலைக்கழகப் பாடங்களாகிவிட்டன. இவ்வரலாற்றை மனங்கொள்வோமாயின், இளைய தலைமுறையினர் மணிக்கணக்கிற் செலவிடும் ஒரு துறையைச் சிறுவர் விளையாட்டு என ஒதுக்கிவிட விமர்சகனுக்கு உரிமை இல்லை என்பது புலனாகும். எந்தக் கலைப் படைப்பிடத்தும் நாம் கேட்கும் பழைய கேள்வியையே இங்கும் கேட்கலாம்: உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றனவா? இக்கேள்வியை எழுப்புவதற்கு மிகவும் பொருத்தமானது, உருவம் மாறுவதையே தன் உயிராகக் கொண்ட ஒரு விளையாட்டு வகை. விண்வெளியிற் பறக்கும் போர்க்கலம் ஒன்று, ஆடுபவர் விரும்பிய கணத்தில் கைகால் முளைத்த ரொபோவாக மாறிப் போரிடும் விளையாட்டு வகையே அது.

இவ்வகையின் வேர் யப்பானில் உள்ளது. 1982 ஒக்டோபரில் யப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘மக்ரொஸ்’ என்ற 36 பகுதிகளைக் கொண்ட அசைவுப்படத் தொடரில், கவமோரி ஷோஜி வடிவமைத்த ‘வல்கைரி’ என்னும் கலம் இடம்பெற்றது. அமெரிக்கக் கடற்படையின் எப்-14 விமானத்தை மாதிரியாகக் கொண்ட அக்கலத்துக்கு மூன்று நிலைகள் உண்டு. முதலாவது விமானம், இறுதியானது மனித உரு, இடைப்பட்டது, விமான உடலிலிருந்து கைகளும் கால்களும் மட்டும் வெளிப்பட்டு நிற்கும் பாதிப் பறவை, பாதி மனிதன். இவ்வுருமாற்றத்துக்குக் கதையிலேயே ஒரு காரணம் சொல்லப்படுகின்றது. 1999இல் வேற்றுலகக் கலமொன்று பூமியில் வீழ்கிறது; அதனை ஆராய்ந்தோர், அதனைச் செலுத்தியவர்கள் இராட்சத உருவினர் என அறிகின்றனர். இராட்சதர்களை எதிர்கொள்ள அவர்களது உயரத்துக்கு எழுந்து நிற்கும் பொறி தேவையாகின்றது. அதாவது, எதிரியின் முகத்தை நேர்நின்று பார்க்க வேண்டியிருப்பதாலேயே விமானம் மனிதனாகின்றது. ரொபோவின் கவர்ச்சியை மட்டும் கண்டு பிற்காலத்தில் எழுந்த பல படைப்புகள் இக்காரணத்தை மறந்துவிட்டன.

இத்தகைய விளையாட்டை ஆடுபவர் உணரும் அனுபவமும் இதற்கு இயைந்ததே. விமான நிலையில் எதிரி என்பது திரையில் ஒரு புள்ளி. அதனைச் சூழ ஒரு குறி. அதன் கீழ்த் தூரத்தைக் காட்டும் ஓர் எண். வேகமே அந்நிலையின் இயல்பு, ஆகவே எதையும் நின்று நோக்க அங்கு அவகாசம் இல்லை. மனித நிலைக்கு மாறியதும் கலம் தன் வேகத்தை இழக்கின்றது, பக்கவாட்டில் அசைகின்றது, திரும்புகின்றது, கைகளை உயர்த்துகின்றது. புள்ளியாக இருந்தது பருமன் பெறுகின்றது. தூரமும் அண்மையும் ஒரே பொறியின் இரு நிலைகளாகும் இவ்வமைப்பு, போர் பற்றிய சிந்தனைக்கு வேறெந்தக் கலைவடிவமும் எளிதில் தரமுடியாத வாய்ப்பொன்றைத் தருகின்றது. ஏனெனில் இங்கு தூரத்தைத் தெரிவு செய்பவர் ஆடுபவரே.

இவ்வாய்ப்பு எவ்வாறு பயன்படுத்தப்பட்டுள்ளது? நின்ரென்டோ நிறுவனத்தின் ‘ஸ்ரார் பொக்ஸ் 2’ இதற்கு எளிய விடையொன்றைத் தருகின்றது. 1990களின் நடுப்பகுதியில் உருவாக்கப்பட்டு வெளியிடப்படாது கிடந்து, 2017இலேயே முறையாக வெளிவந்த இவ்விளையாட்டில், கலம் வெளியிற் பறக்கின்றது. எதிரியின் தளத்தினுள் நுழைந்ததும் கால்கொண்டு நடக்கவும் வல்லதாகின்றது. இடம் மாறும்போது உரு மாறுகின்றது. இது பயன்பாடு கருதிய உருமாற்றம். அதற்கு மேல் அது எதனையும் சொல்ல முனையவில்லை. கூடுதலாகச் சொல்ல முனைந்த இரு விளையாட்டுகளே நமது கவனத்துக்கு உரியன.

முதலாவது, ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த போர்ன் ரெடி கேம்ஸ் என்னும் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ‘ஸ்ரைக் சூட் சீரோ’. இவ்வாக்கத்தின் சிறப்புகளை முதலில் ஒப்புக்கொள்வதே நேர்மையாகும். யப்பானியக் கலைஞர் ஒகுபோ ஜுஞ்சி இதன் ரொபோவை வடிவமைத்தார். ‘ஹோம்வேர்ல்ட்’ என்ற விளையாட்டின் இசையால் அறியப்பட்ட போல் ரஸ்கே இதற்கும் இசையமைத்துள்ளார். வண்ண மேகங்கள் சூழ்ந்த அதன் விண்வெளி கண்ணுக்கு விருந்து. 2299ஆம் ஆண்டில் நிகழும் கதையில், பூமியின் படையைச் சேர்ந்த அடம்ஸ் என்ற விமானியாக நாம் ஆடுகின்றோம். உருமாறிய கணத்தில் ஒரே நேரத்திற் பல எதிரிகளைக் குறிவைத்து ஏவுகணைகளைத் திரளாக அனுப்பலாம். அவை புகைக்கோடுகளாக வளைந்து விரிந்து செல்லும் காட்சி, அசைவுப்படக் கலைஞர் இட்டானோ இச்சிரோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பாணியின் நேர்வாரிசு. அந்தக் கணத்தின் கிளர்ச்சி மறுக்கமுடியாதது.

ஆனால் அக்கணத்தை எவ்வாறு பெறுகின்றோம் என்பதே கேள்வி. மனித நிலையில் ஆயுதங்களை இயக்குவதற்குப் ‘பிளக்ஸ்’ என்னும் ஒருவகைச் சக்தி வேண்டும். விமான நிலையில் எதிரிகளை அழிப்பதால் அச்சக்தி சேர்கின்றது; மனித நிலையிற் சுடச்சுட அது கரைகின்றது; தீர்ந்ததும் கலம் மீண்டும் விமானமாகிவிடுகின்றது. கொன்று ஈட்டியதைக் கொல்வதற்கே செலவிடும் பொருளாதாரம் இது. மனித உரு இங்கு கொலைக்குக் கிடைக்கும் வெகுமதி. அதனாற் செய்யக்கூடியது மேலும் கொல்வது மட்டுமே. கதையில் எதிரணியினர் வேற்றுக்கிரக இராட்சதர்கள் அல்லர். பூமியோடு போரிடும் குடியேற்ற உலகுகளின் மனிதர்கள். மனிதனோடு மனிதன் போரிடும் கதையில், கலம் மனித வடிவு கொள்ளும் கணம் எத்துணை பொருள் பொதிந்ததாக அமைந்திருக்கலாம்! ஆனால், அருகில் வந்தும் எதிரியை நாம் காண்பதில்லை. கதை ஒன்றைப் பேச, விதி வேறொன்றைச் செய்கின்றது. உருவம் உள்ளடக்கத்தைக் கைவிட்டு அலங்காரமாகிப் போன நிலை என இதனைக் குறிப்பிடலாம்.

இரண்டாவது விளையாட்டு இதற்கு இருபது ஆண்டுகள் முற்பட்டது. மக்ரொஸ் தொடரை அடியொற்றி 1993இல் யப்பானில் சுப்பர் பமிகொம் கருவிக்காக வெளிவந்த ‘ஸ்கிராம்பிள்ட் வல்கைரி’, தொழில்நுட்பத்தில் மிக எளியது. தட்டையான திரை, இடமிருந்து வலமாக நகரும் பாதை, மூன்று விமானிகளில் ஒருவரைத் தெரிவுசெய்து, மூன்று நிலைகளிடையே மாறி மாறிச் சுட வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் ஆயுதம் வேறு. இவ்வளவில் இது அக்காலத்து நூறு சுடும் விளையாட்டுகளுள் ஒன்றே. ஆயினும் இதில் ஒரு விதி உண்டு: சுடுவதை நிறுத்திச் சற்றுப் பொறுத்திருந்தால் நமது கலம் ஒளிவிடத் தொடங்கும், அவ்வொளியோடு சில எதிரிகளைத் தொட்டால், அவர்கள் நமது துணைவர்களாகி நம்மோடு வருவர்.

தொடரைக் கண்டவர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும். போரைத் தவிர வேறெதனையும் அறியாத சென்ட்ராடி இராட்சதர்கள், லின் மின்மே என்ற இளம் பாடகியின் பாடலைக் கேட்டுத் தடுமாறுகின்றனர். அவர்களிற் சிலர் படையை விட்டு மனிதரோடு வாழ வருகின்றனர். அந்தக் கருவை விளையாட்டு வசனத்தாற் சொல்லவில்லை. ஆடுபவரின் விரலுக்கு இடும் நிபந்தனையாக மாற்றியிருக்கின்றது. இத்தகைய விளையாட்டுகளில் விரல் ஓயாது சுடவே பழகியது. குண்டுகள் சூழ வரும்போது விரலை எடுத்துவிட்டு, எதிரியை நோக்கி வெறுங்கையோடு நகர்வது எத்துணை அச்சம் தருவது என்பதை ஆடிப் பார்த்தவரே அறிவர். தொடவேண்டிய கலத்தைப் பிழைபடக் கணித்தால் அழிவு நமக்கே. நம்பிக்கை என்பது ஆபத்தான செயல் என்ற உண்மையை, ஒரு சொல்லும் இன்றி இவ்விதி உணர்த்துகின்றது.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. துணைவனான எதிரி நம்மோடு சேர்ந்து தன் பழைய தோழர்களையே சுடுகின்றான். சமாதானம் இங்கும் ஓர் ஆயுதமாகவே முடிகின்றது. எல்லா எதிரிகளையும் இவ்வாறு வெல்ல இயலாது. சுடாமல் விளையாட்டை முடிக்க வழியில்லை. சந்தைக்காக ஆக்கப்பட்ட பண்டத்தின் எல்லை அது. எனினும், அவ்வெல்லைக்குள்ளேயே பிறிதொரு செயலுக்கு இடமுண்டு எனக் காட்டியமை சிறிய சாதனை அன்று.

விளையாட்டை இவ்வளவு பாரமாகக் கொள்ளலாமா எனச் சிலர் வினவக்கூடும். இயன் பொகொஸ்ற் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007இல் வெளியான தமது நூலில், விளையாட்டுகள் தம் விதிகளின் இயக்கத்தாலேயே கருத்துகளை வலியுறுத்துகின்றன என வாதிட்டார். நாம் கண்ட இரு உதாரணங்களும் இக்கூற்றுக்கு அரண் செய்கின்றன. கதையில் எழுதப்பட்ட நல்ல கருத்தை ஆடுபவர் மறந்துவிடலாம்; ஆயிரம் முறை செய்த செயலை விரல் மறப்பதில்லை. எனவே, கணினி விளையாட்டை ஆராயும் விமர்சகன் கதையையும் காட்சியையும் மட்டும் நோக்கினால் போதாது. எச்செயலுக்கு வெகுமதி அளிக்கப்படுகின்றது, எச்செயலுக்கு வழியே விடப்படவில்லை என்பவற்றை நோக்க வேண்டும்.

2009 வரை நீண்ட போரொன்றின் பின் வளர்ந்த தலைமுறையினர் நாம். போர் விளையாட்டுகளைத் தடைசெய்ய வேண்டும் என்பதோ, அவற்றை ஆடுவது குற்றம் என்பதோ இக்கட்டுரையின் முடிபன்று. நமக்கு வேண்டுவது ஓர் அளவுகோல். பொறியொன்று மனித உரு எடுப்பதாற் செயலும் மனிதத் தன்மை பெறுகின்றதா என்பதே அவ்வளவுகோல். ‘ஸ்ரைக் சூட் சீரோ’வின் பேரழகு இக்கேள்விக்கு முன் மௌனமாகிவிடுகின்றது. ‘ஸ்கிராம்பிள்ட் வல்கைரி’யின் தட்டையான திரையோ, சில கணங்கள் சுடாதிருக்கும் ஒரு விரலைக்கொண்டு அதற்கு விடையளிக்கின்றது.