‘கவனிப்பார்களா?’: நாளேடுகளில் முறையீட்டு நடை

மலேசியத் தமிழ் நாளேடுகளின் வாசகர் கடிதப் பகுதியைத் தொடர்ந்து படிப்போர் ஒரு வினாவை நன்கறிவர். அடைபட்ட கால்வாய், வராத பேருந்து, பழுதுற்ற பள்ளிக் கட்டடம் என எப்பொருள் பற்றியதாயினும், மடல் ‘சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?’ என்று முடிவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். 1924-இல் தோன்றி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனைப் படித்து வளர்ந்தோர்க்கும் இந்நடை புதிதன்று. இவ்வினாவில் வினவப்படுவோர் யார் என்பதே நம் ஐயம்.

முறையிடுதல் என்னும் சொல்லில் ‘முறை’ என்பது நீதியைக் குறிக்கும். வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில் ஆளும் பொருள் அதுவே. ஆகவே முறையிடுவோர் இரப்பவர் அல்லர்; உரியதைக் கேட்பவர். (இன்று பெருவழக்காகிவிட்ட ‘புகார்’ வடபுலத்திலிருந்து வந்த சொல், கண்ணகி பிறந்த ஊர்ப்பெயரோடு அஃது ஒத்திருப்பது தற்செயலே.)

தமிழில் முறையீட்டுக்கு முதன்மைச் சான்றாக வழக்குரை காதையைக் கொள்வதில் தவறில்லை. அக்காட்சியின் சினத்தை நாம் மேடைதோறும் போற்றுகிறோம். அதன் ஒழுங்கைப் போதிய அளவு நோக்கினோம் அல்லோம். கண்ணகி எதிரே நிற்கும் அரசனையே, ஆராயாதவன் என விளித்துத் தொடங்குகிறாள். தன் நாட்டின் நீதிமரபு, ஊர், கணவன் குடி, அவன் வந்த நோக்கம், கொலையுண்ட செய்தி ஆகியவற்றைக் கூறித் தன் பெயரை இறுதியில் வைக்கிறாள். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என அரசன் மறுத்தபின், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. வழக்கைத் தீர்ப்பது அழுகையன்று, சோதிக்கத்தக்க அவ்வொரு செய்தியே.

நாளேட்டு மடல்களில் குறைவுபடுவது இதுதான். ‘நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்’ என்னும் செயப்பாட்டுத் தொடரில் எடுக்க வேண்டியவர் மறைந்துவிடுகிறார். கையொப்பமோ ‘பாதிக்கப்பட்டவன்’ என்றிருக்கும். இதனைக் கோழைத்தனம் எனல் பொருந்தாது. தோட்டத் தொழிலாளிக்கு வேலையோடு பிணைந்ததாக இருந்தது வீடு. நிர்வாகத்தைப் பெயர்சுட்டிக் குறைகூறியவர் இரண்டையும் இழக்க நேரிடும். இதழாசிரியர்க்கும் 1948-ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டமும், 1984-ஆம் ஆண்டின் அச்சு இயந்திரங்கள், வெளியீடுகள் சட்டமும் கண்முன் நின்றன. உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நடைமுறை 2012-இல்தான் நீக்கப்பட்டது. பெயர் மறைத்தற்குக் காரணம் உண்டு. ஆயின் நாளையும் இடத்தையும் அளவையும் மறைத்தற்குக் காரணம் யாது? ‘மூன்று வாரங்களாக இன்ன தெருவில் குப்பை அள்ளப்படவில்லை’ என்று எழுதுவதை எச்சட்டமும் தடுத்ததில்லை. ‘எங்கும் குப்பை, யாரும் கேட்பாரில்லை’ என்பதே நம் கை விரும்பும் தொடர்.

வேறொரு சிக்கலும் உண்டு. நகராண்மைக் கழகத்தின் அலுவல்மொழி மலாய். தமிழில் அச்சேறிய குறை, அதனை நீக்க வேண்டிய அதிகாரியின் மேசையை யாரேனும் மொழிபெயர்த்தாலன்றிச் சேர்வதில்லை. ஆதலால் மடல் அவரை விடுத்துச் ‘சமுதாயத் தலைவர்களை’ நோக்கித் திரும்புகிறது. நாளடைவில் அது நமக்குள் நாமே கூறிக்கொள்ளும் புலம்பலாயிற்று என்பது நம் கருத்து. புலம்பலுக்கும் பயன் உண்டு. துயரில் தாம் தனியர் அல்லர் என்பதைப் பிறர் அதனால் அறிவர். எனினும் ஆறுதலைத் தீர்வு என்று கொள்ளலாகாது.

பள்ளியில் முறையீட்டுக் கடிதம் கற்பிக்கும்போது அனுப்புநர், பெறுநர், தலைப்பு, வணக்கம் ஆகியவற்றின் இடத்தை நாம் கண்டிப்போடு திருத்துகிறோம். ‘பெறுநர்’ என்பதன்கீழ் உண்மையில் அக்குறையைத் தீர்க்கும் பொறுப்புடையவரை மாணவர் எழுதினாரா என்று பார்ப்பது அரிது. எந்நாள், எவ்விடம், எத்தனை முறை என்று கேட்டுத் தாளைத் திருப்பித் தருவது அதனினும் அரிது. கட்டமைப்புப் பிழையற்ற அத்தாள்களின் இறுதி வரியிலும் அதே வினா நிற்கக் காண்கிறோம். அதற்கும் நாம் சரியெனக் குறியிட்டே வந்துள்ளோம்.