கிறிஸ்தவ மரபில் பொறுமை: அதன் பள்ளிகளும் உரைகற்களும்

குருமார் சிவப்பு உடை தரித்து வேதசாட்சிகளின் திருநாட்களைச் சிறப்பிப்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு, பொறுமை என்றதும் கொலைக்களத்தில் வெளிப்பட்ட மகா சகிப்பே முதலில் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆயினும் இந்தப் புண்ணியத்தைக் குறித்து ஆழ்ந்து ஆராய்ந்த ஆசிரியர்களின் கிரந்தங்களைப் புரட்டிப் பார்ப்போமானால், அவர்களில் தலைசிறந்தோர் அதைச் சோதித்தறிந்த இடங்கள் நோயாளியின் கட்டிலும், மடத்தின் உணவுக்கூடமும், ஓயாமல் சச்சரவு செய்யும் ஒருவர் வசிக்கும் வீடுமாகவே இருக்கக் காண்கிறோம். பிறருடைய தீமையைத் தாங்கி, தாங்கச் செய்தவரிடத்தில் உள்ளூரக் கசப்புக் கொள்ளாதிருப்பவன் வாளின் துணையின்றியே வேதசாட்சியாகலாம் என்ற கருத்தில் பாப்பரசர் மகா கிரகோரியார் ஒரு பிரசங்கம் செய்திருக்கிறார். வாய் மூடியிருந்துகொண்டே பழிவாங்கத் தருணம் பார்ப்பவனிடம் இருப்பது பொறுமையின் வேஷமே என்றும் அவர் அதிலே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார்.

இப்பொருளை எடுத்துக்கொண்டு தனி நூல் செய்தவர்களில் முந்தியவர்கள் வட ஆப்பிரிக்காவின் இலத்தீன் ஆசிரியர்கள். ஏறக்குறைய கி.பி. 200இல் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியான் எழுதிய நூலின் தொடக்கமே நெஞ்சைத் தொடுவது. தம்மிடம் இல்லாத ஒரு குணத்தைப் பற்றித் தாம் பேசத் துணிவதாகவும், ஆரோக்கியத்தைப் புகழ்ந்து ஓயாத நோயாளியின் நிலையே தம் நிலை என்றும் அந்த உக்கிரமான மனிதர் ஒப்புக்கொள்கிறார். அவருடைய நூல்களை அன்றாடம் வாசித்த அதே நகரத்து மேற்றிராணியார் சிப்பிரியான், 256ஆம் ஆண்டில், ஞானஸ்நானத்தைக் குறித்த விவாதத்தால் திருச்சபை பிளவுபடுமோ என்று அஞ்சத்தக்க வேளையில், சகோதரர்களிடையே வாக்குவாதம் வளராதிருக்கும் பொருட்டுப் பொறுமையின் நன்மையை விளக்கினார். இவ்விருவருக்கும் பொறுமையின் ஊற்று கடவுளே. நல்லோர் நிலத்திலும் தீயோர் நிலத்திலும் ஒரே வெயிலையும் மழையையும் அனுப்பிக் காத்திருக்கிறவரின் சுபாவத்தில் பங்கு பெறுவதே விசுவாசியின் பொறுமை. அகுஸ்தீனார் இதனுடன் ஓர் உரைகல்லைச் சேர்த்தார். கள்வர்களும் பதவி வேட்கை கொண்டோரும்கூடப் பசியையும் குளிரையும் காயத்தையும் சகிக்கிறார்களே, அதுவும் பொறுமையாகுமா என்று வினவி, துன்பத்தின் அளவைக்கொண்டு பொறுமையை நிறுக்கலாகாது, எதன் பொருட்டுத் துன்பம் ஏற்கப்படுகிறது என்பதைக்கொண்டே நிறுக்க வேண்டும் என்று அவர் தீர்த்தார். அன்றாட வாழ்க்கையில் இந்த உரைகல்லுக்கு உள்ள பிரயோஜனம் பெரிது; மேலதிகாரியின் சுடுசொல்லை ஆதாயம் கருதி விழுங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறவர் எத்தகைய பொறுமையைப் பயின்றார் என்பதை அது ஒரு நொடியில் காட்டிவிடுகிறது.

ஆப்பிரிக்கப் பள்ளி இலக்கணம் வகுத்ததென்றால், எகிப்தியப் பாலைவனத்துத் துறவிகளின் பள்ளி பயிற்சி கொடுத்தது. அவர்களுடன் பல்லாண்டு வாழ்ந்து, பின்பு மார்சேய் நகரில் மடாலயம் நிறுவிய காசியான், தாம் தனிமையில் வசித்த நாட்களை நினைவுகூர்ந்து எழுதுவதை வாசிக்கும்போது இத்தனை நூற்றாண்டு இடைவெளியும் மறைந்துபோகிறது. கோபமூட்ட ஒரு மனிதரும் அருகில் இல்லாதபோதும், நாணல் எழுதுகோலின் முனை தடித்துவிட்டதென்றும், கத்தி மழுங்கிவிட்டதென்றும், சக்கிமுக்கிக் கல்லில் பொறி உடனே தெறிக்கவில்லையென்றும் அந்த உயிரற்ற பொருள்களின்மேல் தமக்குச் சினம் மூண்டதாக அவர் கூறுகிறார். மனிதரை விட்டு விலகிப்போனால் சாந்தம் தானே வந்துவிடும் என்று எண்ணுவோருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி கிடைப்பது அரிது.

அவருடைய சம்பாஷணை நூலின் 18ஆம் பகுதியில் அலெக்சாந்திரியா நகரத்துச் சீமாட்டி ஒருத்தியின் கதை வருகிறது. செல்வக் குடும்பத்தில் பிறந்து பக்தியில் நிலைத்த அந்த அம்மையார், மேற்றிராணியார் அத்தனாசியாரிடம் சென்று, திருச்சபையின் தர்மத்தில் வாழும் விதவைகளுள் ஒருத்தியைத் தம் வீட்டில் வைத்துப் பராமரிக்கத் தருமாறு வேண்டினாள். நற்குணம் மிக்க ஒருத்தியைப் பார்த்து அனுப்பினார்கள். வந்தவளோ செய்த ஒவ்வொரு பணிவிடைக்கும் நன்றி சொல்லிப் போற்றிக்கொண்டே இருக்க, சில நாட்களில் அம்மையார் திரும்பி வந்து, தாம் கேட்டது தமக்குக் கிடைக்கவில்லை என்று முறையிட்டாள். விசாரித்து அவளுடைய கருத்தை உணர்ந்துகொண்ட மேற்றிராணியார், இம்முறை சண்டைக்காரியும் குடிகாரியும் வாயாடியுமான ஒருத்தியைத் தேடி அனுப்பச் செய்தார். அத்தகையவர்களைக் கண்டுபிடிப்பது எளிதாகவே இருந்ததாம். அவள் ஏச்சோடு நில்லாமல் கை நீட்டி அடிக்கவும் செய்தாள். எல்லாவற்றையும் ஏற்றுப் பணிவிடையைக் குறைக்காமல் செய்துவந்த சீமாட்டி, தமக்கேற்ற ஆசிரியை கிடைத்துவிட்டாள் என்று நன்றி கூற மேற்றிராணியாரிடம் மீண்டும் போனாள். இக்கதையில் என்னைக் கவர்வது அந்த அம்மையாரின் சகிப்பைக் காட்டிலும், இந்தப் புண்ணியம் பழகினாலன்றி வராது என்ற அவளுடைய தெளிவுதான்.

மத்திய காலத்துக் கலாசாலைகளில் தோமா அக்குவீனார் பொறுமையைத் திடம் என்னும் தலைமைப் புண்ணியத்தின் அங்கமாக வைத்து, துக்கத்தினால் மனிதனுடைய அறிவு நிலைகுலையாதபடி காப்பதே அதன் வேலை என்று வரையறுத்தார். சோர்வுக்கும் கோழைத்தனத்துக்கும் பொறுமை என்று பெயரிட இவ்வரையறை இடம் தருவதில்லை.

கிறிஸ்தவம் இரண்டாகப் பிரிந்து பகை முற்றியிருந்த காலத்திலும் இந்தப் பொருளில் இரு தரப்பாரும் அருகருகே நின்றார்கள் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிற செய்தி. ஜெனீவாவில் சீர்திருத்தச் சபையை நடத்திய கால்வின், துன்பத்தில் கல்லாய்ச் சமைந்திருப்பதே சிறப்பென்ற பழைய கிரேக்கத் தத்துவத்தை மறுத்து, இயேசு பெருமானே கண்ணீர் விட்டிருக்க அவருடைய சீடன் அழக்கூடாதென்பது தகாது என்று வாதிட்டார். அதே ஜெனீவாவின் மேற்றிராணியார் என்ற பட்டமிருந்தும் அந்நகரில் வாசம் செய்ய இயலாமல் அன்னெசியில் தங்கியிருந்த பிரான்சிஸ் சலேசியார், 1609இல் வெளியிட்ட தம் பக்தி நூலைத் துறவிகளுக்காக எழுதாமல், இல்லறத்திலும் அரண்மனையிலும் இருப்பவர்களுக்காக எழுதினார். மதிப்பைக் கொண்டுவரும் துன்பங்களை மட்டும் ஏற்கச் சித்தமாயிருப்பவர்கள் துன்பத்தை நேசிக்கவில்லை, மதிப்பையே நேசிக்கிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. வறுமை வந்தால் வரட்டும், ஆனால் சிநேகிதரை உபசரிக்க முடியவில்லையே என்று குறைப்படுவோரையும் அவர் விடவில்லை. துன்பத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் சில்லறை இடைஞ்சல்களையும் சேர்த்தே ஏற்க வேண்டுமென்றார். நோய்க்கு மருந்து தேடலாம், தேடவே வேண்டும். மருந்து பலித்தாலும் பலிக்காவிட்டாலும் மனம் கலங்காதிருக்க வேண்டும். முறையிட்டே ஆகவேண்டுமென்றால், உடனே கொதித்தெழுகிறவரிடம் போகாமல் நிதானமுள்ள ஒருவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்ற அவருடைய ஆலோசனையைக் கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த எவரும் மெச்சுவர்.

இந்தச் சலேசியப் பள்ளியின் போதனை செயலில் எப்படியிருக்கும் என்பதை, 1897இல் தம் 24ஆம் வயதில் மரித்த லிசியே நகரத்துக் குழந்தை தெரேசம்மாளின் குறிப்புகளில் காணலாம். மூட்டு நோயால் நடமாட்டம் குன்றிய முதிய கன்னியாஸ்திரீ ஒருவரை மாலைதோறும் உணவுக்கூடத்துக்கு நடத்திச் செல்லும் பொறுப்பை அவர் தாமே கேட்டு ஏற்றார். பெஞ்சை இன்ன விதமாகத்தான் நகர்த்த வேண்டும். இடைக்கச்சையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். விரைந்தாலும் குற்றம், தாமதித்தாலும் குற்றம். கால் சற்று இடறினால், சிறுபெண்ணிடம் ஒப்புவித்ததால் வந்த வினை என்ற முணுமுணுப்பு. உட்கார வைத்தபின் சட்டைக் கைகளை மடித்துவிடுவதற்கும் ஒரு முறையுண்டு. இவ்வளவும் முடிந்து தாம் போகலாம் என்றிருந்த வேளையில், மூதாட்டியின் நோயுற்ற கைகள் ரொட்டியைக் கிண்ணத்தில் எடுத்து வைக்கப் படும் சிரமத்தைக் கவனித்த தெரேசம்மாள், கேட்கப்படாமலே அதையும் நாள்தோறும் செய்துகொடுத்து, புன்னகையோடு விடைபெற்றார். அந்த மூதாட்டியின் மனம் இளகியது இந்தக் கேட்கப்படாத உதவியினால்தான். பொறுமை என்பது தாங்குவதோடு நின்றுவிடாமல் கவனிக்கவும் தொடங்குகிற கட்டம் இது.

நம் நெல்லைச் சீமையிலும் இப்பள்ளிக்கு ஒரு கிளை உண்டு. டோனாவூரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்குத் தாயாயிருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931இல் விழுந்து காயமுற்று, 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் புத்தகங்களைச் சுகமாயிருப்பவர்களே எழுதுகிறார்கள் என்று அவர் வருந்தி, நோயாளியாகவே நோயாளிகளுக்கு ஒரு நூல் எழுதினார்.

இனி, கசப்பானதொரு விஷயத்தையும் சொல்லாமல் விடலாகாது. பொறுமை ஒருவன் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் நுகமாயிருக்கும்வரை புண்ணியம்; பிறன் கழுத்தில் அதை ஏற்றிவைக்கும்போது பாவம். 1963 ஏப்ரலில், நீதிமன்றங்களை நம்பி அமைதியாயிருக்கும்படி கறுப்பின மக்களுக்கு அறிக்கை விட்ட எட்டு மதத்தலைவர்களுக்கு மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து பதில் எழுத வேண்டியிருந்ததே, அதைச் சபையார் அனைவரும் வெட்கத்தோடு நினைவில் வைக்க வேண்டும். தீமை செய்பவனை எதிர்த்து அவசியமானபோது எழுந்து நிற்பது பொறுமைக்கு முரணாகாது என்று தோமா அக்குவீனார் ஏழு நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார். தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிச் சுவர் எழுப்பிய சபைகள் உண்டு. அச்சுவரின் அப்புறத்தில் நிறுத்தப்பட்டவரிடம் போய்ப் பொறுமையைப் போதிப்பவர் எந்தப் பள்ளியில் அதைக் கற்றார் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு, கடமையும் உண்டு.

நட்டாலத்தில் 1712இல் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம், சாதி பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகியதை விட்டுவிட இசைந்திருந்தால், அவர்மேல் மூண்ட பகை பாதியாவது தணிந்திருக்கும். அவர் இசையவில்லை. 1749இல் சிறைப்பட்டு, மூன்றாண்டு உபத்திரவத்தை மனம் கசவாமல் சகித்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பிறப்பால் வந்த சாதிப் பட்டத்தை விட்டுவிட்டே அறிவித்தார்கள்.