களரியில் அரசன், வயலில் உழவன்
மட்டக்களப்புக் கூத்தின் அரசகற்பனை பற்றிச் சில குறிப்புகள்

இலங்கையின் இறுதி அரசாகிய கண்டி 1815 இல் வீழ்ந்தது. 1972 இல் நாடு குடியரசாயிற்று. பிரித்தானிய முடியுடன் எஞ்சியிருந்த பெயரளவிலான தொடர்பும் அத்துடன் அற்றது. ஆயினும் முடியும் செங்கோலும், அரண்மனைச் சூழ்ச்சியும், அரசகுமாரியின் காதலும் நம் மக்களது கற்பனையை விட்டு அகன்றில. மட்டக்களப்புக் கிராமங்களில் விடியவிடிய ஆடப்படும் கூத்திலும், கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ (1950–54) முதலாய தொடர்கதைகளிலும், இன்றைய இளைஞர் கணினியில் ஆடும் விளையாட்டுகளிலும் அரசனே நடுநாயகமாக வீற்றிருக்கின்றான். அரசன் இல்லாத சமூகம் அரசனை ஏன் ஆடிப்பார்க்கின்றது? அவ்வாட்டத்தினால் யார் எதனைப் பெறுகின்றனர்? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பாகிய எழுவான்கரையில் அமைந்தது குருக்கள்மடம். வாவியின் மறுகரையிலுள்ள அம்பிளாந்துறையுடன் அதனை இணைப்பது, ‘பாதை’ என இப்பகுதி மக்கள் வழங்கும் மிதவையாகும். அக்கரையே படுவான்கரை, நெல்வயல்கள் பரந்து கிடக்கும் நிலம். கரையொன்றில் குடியிருப்பும் மறுகரையில் வயலுமாக வாழ்ந்த இப்பிரதேசத்து உழைப்பாளரின் வாழ்வைப் போடியார், முல்லைக்காரன், வயற்காரன் என்னும் நிலவுடைமைப் படிநிலை நெடுங்காலம் நிர்ணயித்து வந்தது. கோயிலுரிமையைக் குடிமுறையும் வண்ணக்கர் பதவியும் வரையறுத்தன. அரசன் இங்கு வாழ்ந்தவனல்லன். ஆனால் அதிகாரம் வாழ்ந்தது. கூத்தின் அரசனை விளங்கிக்கொள்வதற்கு இந்த அதிகார உறவுகளிலிருந்தே நாம் தொடங்குதல் வேண்டும்.

‘ஆட்டம்’ என்னும் சொல் நடனத்தையும் விளையாட்டையும் ஒருங்கே குறிப்பது. கூத்து இரண்டுமாகும். அது வளர்ந்தோர் ஆடும் அரசவிளையாட்டு. ஆனால் அவ்வரசன் தானாகத் தோன்றுவதில்லை. ஊர்கூடிக் கதையைத் தெரிந்து, அண்ணாவியார் பாத்திரங்களைப் பங்கிட்டுச் ‘சட்டம்’ கொடுத்து, சதங்கையணிவித்து, கிழமைக்கூத்தாகப் பல வாரங்கள் பழக்கி, அடுக்குப் பார்த்து, ஈற்றில் வட்டக்களரியில் அரங்கேற்றிய பின்னரே ஒருவன் அரசனாகின்றான். பேராசிரியர் சி. மௌனகுரு தமது ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்னும் ஆய்வில் இப்படிமுறைகளை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். நாம் ஈண்டு அழுத்த விரும்புவது, இப்படிமுறையின் சமூகப் பொருளையேயாகும். பகலில் வயற்சேற்றில் நின்றவன் இரவில் கரப்புடையும் கிரீடமும் அணிந்து கொலுவீற்றிருக்கின்றான். அவன் பாடும் பாட்டை முடித்துவைப்போர் பிற்பாட்டுக்காரர். அவன் காலடியை நடத்துவது மத்தளமும் சல்லரியும். அவன் தாளம் பிசகின் ஊரே அறியும். அரசவாக்கு இங்கு தனியொருவனின் வாக்கன்று. அது பலர் உழைப்பினால் உருவாகி, விடிந்ததும் களையப்படுவது. அரசு என்பது அணியவும் கழற்றவும் கூடியதொன்று என்னும் உண்மையை எந்தப் பிரசங்கமும் இத்துணை எளிமையாகக் கூறியதில்லை.

எனினும் இதனைக்கொண்டு கூத்தின் உள்ளடக்கத்தை மன்னித்துவிட முடியாது. அல்லி, பவளக்கொடி ஆகியோரின் கதைகளை நோக்குவோம். மாலைகளாகவும் நாடகங்களாகவும் கூத்துகளாகவும் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் மக்கள் பெரிதும் விரும்பிய அரசகாதற் கதைகள் இவை. மதுரையில் ஆண் துணையின்றி ஆட்சிபுரிந்தவள் அல்லி. அவளை விரும்பிய அருச்சுனன் கண்ணனின் சூழ்ச்சித் துணையுடன் அரண்மனையுட் புகுந்து, அவள் உறங்கும் வேளையில் தாலியைக் கட்டிவிடுகின்றான். பின்னர், மகன் கேட்ட தேருக்குப் பவளம் தேடிச் சென்றவிடத்துப் பவளக்கொடியையும் மணக்கின்றான். அரசியல் அதிகாரம் பெற்ற பெண் காதல் என்னும் பெயரால் வெல்லப்படுதல், அவ்வெற்றிக்கு அவள் இசைவு வேண்டப்படாமை, வஞ்சகம் வீரவிளையாட்டாகப் போற்றப்படுதல் ஆகிய மூன்றும் இங்கு ஒன்றிணைகின்றன. மரபிலே இவ்வல்லியைக் களரியில் ஆடியவனும் ஆணே. பெண்கள் களரியைச் சூழ அமர்ந்து பார்த்தனர். தம் கதையை ஆடும் உரிமை அவர்க்கு இருக்கவில்லை. ஆளப்படும் உழவன் ஓரிரவு அரசனாகலாம். ஆளும் அல்லியாக ஒரு பெண் ஓரிரவேனும் நின்றாளில்லை. கூத்தின் கூட்டுத்தன்மையைப் போற்றும் நாம் அக்கூட்டின் எல்லை எதுவென்பதையும் கூறுதல் கடனாகும். பாத்திரப் பங்கீட்டில் சாதியும் செல்வாக்கும் புகுந்த வரலாறும் மறைக்கத்தக்கதன்று.

கூத்துப் பற்றிய மதிப்பீடுகளில் இருவகைத் தவறுகளைக் காண்கின்றோம். கூத்தை நிலமானியக் கருத்துநிலையின் எச்சம் என்று கூறி ஒதுக்குவது ஒன்று. அதனைக் கறைபடாத பண்பாட்டுச் சொத்தாகக் கண்ணாடிப் பேழையுள் வைப்பது மற்றொன்று. முன்னையது கதையை மட்டும் பார்த்து ஆட்டத்தை மறந்தது. பின்னையது ஆட்டத்தை மட்டும் பார்த்துக் கதையை மறந்தது. கதை உடையோரின் உலகைப் புகழ்கின்றது. ஆக்கமுறையோ உழைப்போரின் கூட்டுறவினால் இயங்குகின்றது. கூத்தின் உயிர்ப்பும் சிக்கலும் இம்முரண்பாட்டிலேயே தங்கியுள்ளன.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962 இல் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியமை ஈழத்து அரங்க வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் புலமை அதற்கு அடிப்படையாயிற்று. கிராமத்தவர் கலையெனக் கற்றோர் இகழ்ந்த கூத்துக்கு அம்முயற்சி மதிப்பைப் பெற்றுத் தந்தது. அதேவேளை வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று, இரவு முழுவதும் நிகழ்ந்தது சில மணித்தியாலங்களுட் சுருங்கிற்று, ஊரவர் பார்வையாளராயினர். 1969 இல் மௌனகுரு படைத்த ‘சங்காரம்’ இன்னுமோர் அடி முன்சென்றது. சாதி, இன, மத, வர்க்க அரக்கரை உழைப்பாளர் அழிப்பதாக அமைந்த அந்நாடகத்தில் கூத்தின் ஆட்டம் அரசனிடமிருந்து தொழிலாளியிடம் கைமாறிற்று. உள்ளடக்க மாற்றம் என்ற அளவில் அதன் முக்கியத்துவம் பெரிது. ஆயின் ஆக்கமுறை மேடைக்குரியதாகவே இருந்தது. 2000களில் சி. ஜெயசங்கரும் சீலாமுனைக் கூத்தரும் இணைந்து மேற்கொண்ட ‘கூத்து மீளுருவாக்கம்’ இக்குறையை மறுபுறமிருந்து அணுகிற்று. கூத்தை ஊரிலேயே வைத்து, ஆடுவோரே அதன் பால், சாதிப் பாகுபாடுகளை விவாதித்து மாற்றும் வழி அது. கதையையும் களரியையும் ஒருங்கே பற்றிய முயற்சி என்பதனால், நாம் இதனையே கூடுதலாக வரவேற்கின்றோம்.

இவ்விவாதம் பழம்பெருமை பற்றியதன்று என்பதை விளக்க இன்றைய அரசவிளையாட்டு ஒன்றை ஒப்புநோக்கலாம். சுவீடன் நாட்டுப் பரடொக்ஸ் நிறுவனம் 2004 இல் தொடங்கிய ‘குரூசேடர் கிங்ஸ்’ என்னும் கணினி விளையாட்டின் மூன்றாம் வடிவம் 2020 இல் வெளிவந்தது. ஆடுபவர் மத்தியகாலக் குடும்பமொன்றின் தலைவராகி மணவுறவு செய்யலாம், கள்ளக்காதல் கொள்ளலாம், பிறர் மறைபொருளை அறிந்து மிரட்டலாம், உறவினரைக் கொல்லச் சதிசெய்யலாம், இறந்தபின் வாரிசாகத் தொடரலாம். தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் வரைபடத்துள் அடங்கும். காதலும் வஞ்சகமும் அதிகாரத்தின் கருவிகளே என்பதை இவ்விளையாட்டு மறைப்பதில்லை. அல்லிக்கதையை விட இவ்விடயத்தில் அது நேர்மையானது. ஆனால் உழவன் அங்கு பெரும்பாலும் வரியாகவும் கிளர்ச்சியாகவும் மட்டுமே தோற்றமளிக்கின்றான். ஆடுபவர் பெரும்பாலும் தனித்திருந்தே அரசாள்கின்றார். அவ்வரசனுக்குக் கிரீடம் செய்தவர் யார், அவன் பாட்டை வாங்கிப் பாடுபவர் யார் என்ற வினாவே எழுவதில்லை. தொடர்கதை கூத்தின் பார்வையாளரைத் தனி வாசகராக்கியது. இவ்விளையாட்டு வாசகரைத் தனி அரசராக்கியது. அரசன் எஞ்சினான், களரி மறைந்தது.

ஆகவே முற்போக்காளர் முன்னுள்ள பணி அரசனைக் களரியிலிருந்து விரட்டுவது மட்டுமன்று. அரசனை விரட்டிக் களரியையும் இழப்போமாயின், விலைக்கு வாங்கிய அரசர்களே நம் இளைஞரின் கற்பனையை நிரப்புவர். களரியைக் காத்து, அதன் வட்டத்தை விரிவாக்குதல் வேண்டும். இதுகாறும் அதன் விளிம்பில் நின்ற பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் சதங்கை அணிதல் வேண்டும். உறங்கும் அல்லிக்குத் தாலி கட்டும் காட்சி வருகையில் அதனை அவ்வாறே ஆடுவதா, மாற்றி ஆடுவதா என்பதை அண்ணாவியாரும் ஆடுவோரும் பார்ப்போரும், சிறப்பாகப் பெண்களும், களரியிலேயே கூடித் தீர்மானித்தல் வேண்டும். அத்தீர்மானத்தைப் பல்கலைக்கழகத்திலிருந்து நாம் எழுதியனுப்புவோமாயின், நாமும் இன்னொரு கொலுவை அமைத்தவராவோம்.

படுவான்கரையின் வயலுக்கு மக்களை ஏற்றிச்சென்ற ‘பாதை’ அரசனுக்கெனத் தனியாகச் சென்றதில்லை. கூத்தும் அத்தகையதே, பலர் ஏறினாலன்றி அது கரைசேராது.