கொள்வனையும் கொடுப்பனையும் இல்லாத நாள்

பெரியம்மா இறந்த அன்று மதியம் வரை கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டவில்லை. எங்கே வெட்டுவது என்பதில் பிள்ளைகளுக்குள் தகராறு. பெரியம்மா இருபத்தாறு வயதில் முதல் கணவரை இழந்தவர். பிறகு இரண்டு பிள்ளைகளோடு, மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனார். அங்கே இன்னும் இரண்டு பிள்ளைகள்.

“எங்கம்மா எங்கப்பா பக்கத்துலதான் இருக்கணும்” என்றார் மூத்த அண்ணன்.

“முப்பது வருசம் எங்கப்பாவுக்குச் சோறு பொங்கினது யாரு?” என்றார் இளையவர். அந்த அப்பாவின் அருகில் அவருடைய முதல் மனைவி ஏற்கெனவே அடக்கம் செய்யப்பட்டிருந்தார்.

கோயில்குட்டி மண்வெட்டியோடு காத்து நின்றார். உபதேசியார் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசினார். பெரியம்மா எங்கே இருக்க விரும்பினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மாலையில் அடக்க ஆராதனையில் உயிர்த்தெழுதல் பற்றிய வசனங்களை வாசித்தபோதுதான், இதே வழக்கு சுவிசேஷத்திலும் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. மத்தேயு 22, மாற்கு 12, லூக்கா 20 ஆகிய மூன்று அதிகாரங்களிலும் அது இருக்கிறது. அதைப் பெண்ணின் பக்கம் நின்று வாசித்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரை.

இறந்தோர் எழுவார்கள் என்பதைப் பரிசேயர் நம்பினார்கள், சதுசேயர் மறுத்தார்கள். யூதர்களுக்குள்ளேயே நடந்த விவாதம் அது. சதுசேயர் இயேசுவிடம் ஒரு புதிரோடு வருகிறார்கள். ஒரு குடும்பத்தில் ஏழு சகோதரர்கள். மூத்தவன் பிள்ளையில்லாமல் இறக்கிறான். அவன் மனைவியை அடுத்தவன் மணக்கிறான், அவனும் இறக்கிறான். இப்படியே ஏழு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு அவளும் இறந்துபோகிறாள். உயிர்த்தெழும் நாளில் அவள் அந்த ஏழு பேரில் யாருக்கு மனைவி என்பது கேள்வி.

இந்தக் கதையில் அவளுக்குப் பெயர் இல்லை, பேச்சும் இல்லை. ஏழு முறை தாலியறுத்த துக்கத்துக்கும் அதில் இடமில்லை. ஒரு கோட்பாட்டைக் கேலி செய்வதற்காக உருவாக்கப்பட்ட பெண் அவள்.

புதிரின் அடிப்படை உபாகமம் 25இல் உள்ள சட்டம். பிள்ளையில்லாமல் இறந்தவனின் மனைவியை அவன் சகோதரன் மணந்து, முதல் பிள்ளையை இறந்தவன் பெயரில் வளர்க்க வேண்டும். இறந்தவனின் பெயர் அழிந்துவிடக் கூடாது என்பது காரணம். ஆனால் அதே சட்டத்தில், கொழுந்தன் மறுத்தால் அந்தப் பெண் ஊர் வாசலுக்குப் போய் மூப்பர்களிடம் முறையிடலாம். எல்லோர் முன்னிலையிலும் அவன் செருப்பைக் கழற்றி, அவன் முகத்தில் துப்பலாம். பழைய சட்டத்தில் அவளுக்கு வாயும் கையும் இருந்தன. சதுசேயர் சொன்ன கதையில் இரண்டும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறந்தவனுக்குச் சந்ததியை ‘எழுப்புவது’ என்று சொல்ல இந்தப் பகுதியின் கிரேக்க மூலத்தில் வரும் வினையும், ‘உயிர்த்தெழுதல்’ என்பதற்கான சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அப்படிப் பார்த்தால், உயிர்த்தெழுதலை மறுத்த சதுசேயரிடமும் ஓர் உயிர்த்தெழுதல் இருந்தது. செத்த ஆண் தன் மகன் வழியாகத் திரும்ப எழுகிறான். அந்த எழுச்சி நடக்க வேண்டிய இடம் பெண்ணின் கருப்பை. ஏழு பேர் அவளைக் கைமாற்றியது அதற்காகத்தான்.

இயேசுவின் பதில் இந்த ஏற்பாட்டின் மீதே விழுகிறது. ஏழு பேரில் ஒருவனை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. உயிர்த்தெழுந்தவர்களிடையே திருமணமே இல்லை என்கிறார். லூக்கா காரணத்தையும் சேர்த்துத் தருகிறார்: அவர்கள் இனிச் சாகப்போவதில்லை. சாவு இல்லையென்றால் பெயரைக் காப்பாற்ற வாரிசு வேண்டாம். வாரிசு வேண்டாமென்றால் ஒரு பெண்ணை ஏழு பேரிடம் ஒப்படைக்க வேண்டிய தேவையும் இல்லை. இறந்தவரை எழுப்புவது கடவுளின் வேலை, பெண்ணின் கருப்பை செய்ய வேண்டிய வேலை இல்லை என்பது இதன் பொருள் என்று நான் வாசிக்கிறேன். எலிசபெத் ஷுஸ்லர் ஃபியோரென்சா 1983இல் வெளிவந்த தம் நூலில், இந்தப் பதில் ஆணாதிக்கத் திருமண முறைக்குத்தான் முடிவு சொல்கிறது என்று வாதிட்டார்.

பழைய தமிழ் வேதாகமம் இந்த இடத்தில் ‘கொள்வனையும் கொடுப்பனையும்’ என்கிறது. தமிழாசிரியராக எனக்குப் பிடித்த மொழிபெயர்ப்பு இது. நம் வீடுகளில் இன்றும் “அவங்களோட எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டு” என்பார்கள். கொள்வதும் கொடுப்பதும் இரண்டு குடும்பங்கள். நடுவில் கைமாறுகிறவள் பெண். யார் வீட்டில் கொள்ளலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வது சாதி. ‘திருமணம் இல்லை’ என்று மொழிபெயர்த்திருந்தால் இவ்வளவும் நம் காதில் விழுந்திருக்காது. கொள்வனை கொடுப்பனை பார்த்தே சம்பந்தம் பேசும் சபைகளில் இந்த வசனத்தை உரக்க வாசிக்கிறார்கள் என்பதும் நடக்கத்தான் செய்கிறது.

திருச்சபை இந்தப் பதிலை எப்படிப் புரிந்துகொண்டது? பெண்கள் ஆண் உடலோடுதான் எழுவார்கள் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். ‘கடவுளின் நகரம்’ நூலின் 22ஆம் பாகத்தில் அகுஸ்தீன் அதை மறுக்கிறார். பெண்ணாக இருப்பது குறை இல்லை, அது இயற்கை என்கிறார். அவர் காட்டும் சான்று இந்தப் புதிருக்குச் சொன்ன பதிலேதான். கொள்பவர் ஆண், கொடுக்கப்படுபவர் பெண், இருவரையும் குறிப்பிட்டதால் இருவரும் அங்கே இருப்பார்கள் என்பது அவர் தர்க்கம். பெண் உடலை மறுமையிலும் ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் அங்கேயும் அவருக்கு ஒரு கவலை. அந்த உடல் பார்ப்பவரின் இச்சையைத் தூண்டாது என்று உறுதி சொல்கிறார். மறுமையிலும் பெண் உடலைப் பார்க்கும் கண் ஆணுடையதாகவே இருக்கிறது.

இதே நம்பிக்கையைத் தன் வாழ்க்கைக்குப் பயன்படுத்திக்கொண்ட பெண்ணும் உண்டு. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள பகுதியில் வாழ்ந்தவர் மாக்ரினா. பன்னிரண்டு வயதளவில் அவருக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை இறந்துபோனார். வீட்டார் வேறு வரன் பார்த்தார்கள். உயிர்த்தெழுதல் இருக்கும்போது அவர் சாகவில்லை, வெளியூர்தான் போயிருக்கிறார், அவருக்கு எப்படித் துரோகம் செய்வது என்று கேட்டு மாக்ரினா மறுத்துவிட்டார். பார்வைக்குப் பதிவிரதைப் பேச்சுதான். விளைவு வேறு. கொடுக்கப்படுவதிலிருந்து அவர் தப்பித்தார். வீட்டிலிருந்த பணிப்பெண்களைச் சமமாக நடத்தும்படி தாயை இணங்கவைத்து, எல்லோருமாக ஒரே பந்தியில் உண்ணும் ஒரு பெண்கள் சமூகத்தை உருவாக்கினார். 379இல் அவர் மரணப்படுக்கையில் இருந்தபோது நடந்த உரையாடலாகத் தம்பி கிரகோரி ஒரு நூல் எழுதினார். ஆன்மாவையும் உயிர்த்தெழுதலையும் பற்றிய அந்த நூலில் ஆயராகிய தம்பி ஐயம் கேட்கிறார், அக்கா விளக்குகிறார். அவரைத் தம்பி ‘ஆசிரியர்’ என்றே அழைக்கிறார்.

ஆனாலும் பதிலில் ஒரு போதாமை இருக்கிறது. விடுதலை மறுமைக்குத் தள்ளிப்போகிறது. இங்கே, இப்போது ஏழாவது ஆளிடம் ஒப்படைக்கப்படும் பெண்ணுக்கு அது என்ன சொல்கிறது? ‘எல்லாம் பரலோகத்தில் சரியாகும்’ என்று பெண்களை அடக்கிவைக்கவும் இதே வசனம் உதவும். அதனால் இதை நியாயத்தீர்ப்போடு சேர்த்தே வாசிக்க வேண்டும். மத்தேயு 25இல் நியாயத்தீர்ப்பு விவரிக்கப்படுகிறது. பசித்தவருக்கு உணவு, தாகித்தவருக்குத் தண்ணீர், அந்நியருக்கு இடம், உடையற்றவருக்கு உடை, நோயாளியையும் சிறையிலிருப்பவரையும் பார்க்கப் போனது. கணக்கில் வருபவை இவ்வளவுதான். யாருடைய மனைவி, எத்தனை முறை மணந்தவள், கற்போடு இருந்தாளா என்று அங்கே கேள்வி இல்லை. பிரசங்கங்கள்தான் அவற்றைச் சேர்த்துக்கொண்டன.

இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை பெண்கள் கூலியில்லாமல் அன்றாடம் செய்யும் வேலைகள். அவற்றைச் செய்ததற்காகப் பெண்களைப் புகழ்ந்துவிட்டுப் போவதற்கு நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி ஆண்களிடமும் கேட்கப்படுகிறது. “சோறு பொங்கினது யாரு?” என்று இளைய அண்ணன் கேட்டது பெரியம்மாவின் மேல் உரிமை கொண்டாட. நியாயத்தீர்ப்பில் அதே வாக்கியம் பெரியம்மாவின் சாட்சியாகிவிடும். சாப்பிட்டவர்கள் யாருக்குப் பொங்கிப் போட்டார்கள் என்ற கேள்வி அவர்களிடம் திரும்பும்.

கடைசியில் பெரியம்மாவை இரண்டாவது கணவரின் மறுபக்கத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லில் ‘இன்னாரின் மனைவி’ என்று கணவர் பெயர் மேலே பெரிதாகவும், அவர் பெயர் கீழே சின்னதாகவும் இருக்கிறது. ஒரு வருடம் கழித்து அம்மாவிடம் கேட்டேன். “அக்கா எந்த ஆம்பிளை பக்கத்துலயும் கேக்கல. அந்த வேப்பமரத்தடியில காத்து வரும், அங்க போட்டாப் போதும்னுதான் சொல்லுவா” என்றார் அம்மா.

கல்லைப் புதுப்பிக்க வேண்டும் என்று அண்ணன்மார் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தமுறை நான் போவேன். அவர் பெயர் மட்டும் போதும் என்று சொல்லப்போகிறேன்.