சங்கானைப் பழைய தேவாலயம்: ஒரு திறனாய்வு

ஒரு கட்டடத்தை மதிப்பிடப் புகுவோர் இரு வினாக்களை ஒன்றோடொன்று கலந்துவிடுவதுண்டு. அஃது எவ்வாறு கட்டப்பட்டது என்பது ஒன்று. யாருடைய அதிகாரத்தின் பெயரால் கட்டப்பட்டது என்பது மற்றொன்று. போர்த்துக்கேயர் காலப் பங்குக் கோயில்களைச் சிலர் கலைச்செல்வம் எனப் போற்றுவதும், சிலர் அடிமைச் சின்னம் என ஒதுக்குவதும் இக்கலப்பின் விளைவே. யாழ்ப்பாணத்துச் சங்கானையில் கூரையிழந்து நிற்கும் பழைய தேவாலயம் இவ்விரு தீர்ப்புகளுள் எதற்கும் எளிதில் அடங்குவதன்று.

1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் குடாநாட்டைப் பங்குகளாகப் பிரித்துக் கோயில்கள் எழுப்பினர். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தகர்க்கப்பட்டதும் அவர்தம் ஆட்சியிலேயே. கல்முனைக் கரையோர மக்களுக்கும் இஃது அயலார் கதையன்று. போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626 அளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என வரலாற்று நூல்கள் கூறும். ஈராண்டு கழிந்து, 1628 இல், அப்போர்த்துக்கேயரே மட்டக்களப்பிலும் கோட்டை அமைத்தனர். இந்நினைவுகளை மறந்துவிட்டு வளைவின் அழகை மட்டும் பேசுதல் முறையன்று.

எனினும் அழகைப் பேசாது விடுதலும் முறையன்று. போர்த்துக்கேயப் பங்குக் கோயிலின் அமைப்பு எளிமையானது: மக்கள் கூடும் நீண்ட மண்டபம், அதன் முடிவில் ஒரு பெருவளைவு, வளைவுக்கு அப்பால் பீடம். அலங்காரம் அனைத்தும் பீடத்தின் பின்சுவரிலேயே திரளும். இம்மரபின் நிறைவைக் காண விரும்புவோர் 1605 இல் நேர்ச்சி செய்யப்பட்ட கோவாவின் போம் ஜேசு ஆலயத்தை நோக்கலாம். புறச்சுவர்கள் செம்பூரான் கல்லின் கடுமையோடு நிற்க, உள்ளே பீடத்தில் மரச்செதுக்கு வேலையும் பொன்முலாமும் சுடர்விடுகின்றன. சங்கானைக்குக் கோவாவின் செல்வம் வாய்த்திராது. ஆயினும் அமைப்பின் நோக்கம் ஒன்றே. நடப்பவன் காலையும் நோக்குபவன் கண்ணையும் மண்டபமும் வளைவும் பீடத்துக்கே இட்டுச் செல்கின்றன. அது காண்பதற்கென வகுக்கப்பட்ட கட்டடம்.

1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. சீர்திருத்தத் திருச்சபையினரான அவர்கள் கத்தோலிக்கக் கோயில்களைத் தமதாக்கிச் சொரூபங்களை அகற்றினர். பீடத்துக்கிருந்த முதன்மை பிரசங்க மேடைக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்தேயஸ் 1672 இல் வெளியிட்ட நூலில் இக்கோயில்கள் பலவற்றின் வருணனைகளும் படங்களும் உள்ளன. காணும் கோயில் கேட்கும் கோயிலாயிற்று.

இம்மாற்றத்தைப் பள்ளிவாசலோடு ஒப்பிடுதல் பயன்தரும். அங்கும் உருவமில்லை, மிம்பரிலிருந்து குத்பா ஒலிக்கின்றது, மிஹ்ராப் திசையைக் காட்டுகின்றது. ஆனால் பள்ளிவாசலின் வெறுஞ்சுவர் தொடக்கத்திலேயே வெறுஞ்சுவராக வேண்டப்பட்டது. அதன் அமைப்பும் வழிபாடும் தம்முள் முரண்படுவதில்லை. சங்கானையிலோ வெறுமை பின்னர் வந்தது. அலங்காரத்தை அகற்ற ஒல்லாந்தரால் முடிந்தது. அமைப்பின் நோக்கத்தை அகற்ற முடியவில்லை. பார்க்க ஏதுமில்லாத இடத்தை நோக்கியே அக்கோயில் இன்றும் கண்ணை இட்டுச் செல்கின்றது. அலங்காரம் என்பது சுவரின்மேல் பூசப்படும் வெறும் பூச்சு என எண்ணுவோர்க்கு இச்சிதைவு நல்ல பாடமாகும்.

இனி எஞ்சியிருப்பது சுவர். அது முருகைக்கல்லாலும் சுண்ணச்சாந்தாலும் ஆனது. வளைவின் வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. கல்லைத் தந்தது இந்நாட்டுக் கடல். அதைச் சுமந்த தோள்களும் இந்நாட்டு மக்களுடையவை. ஆணையிட்டவரின் பெயரால் மட்டும் இக்கட்டடத்தை அழைப்பது, உழைத்தவரை இரண்டாம் முறையும் மறப்பதாகும்.

ஆகவே, இத்தகைய சிதைவுகளைப் பேணுதல் அந்நியருக்குச் செய்யும் மரியாதையன்று. வன்முறை, கலை, உழைப்பு ஆகிய மூன்றுக்கும் சான்றாக நிற்பது ஒரே சுவர். அச்சுவர் விழுந்தால் மூன்றின் சான்றும் ஒருங்கே விழும். நல்லூரின் இழப்பையும் 1626 இன் இடப்பெயர்வையும் மறவாதவர்களே இதனைக் காக்க முன்வரவேண்டும். நினைவுடையோர்க்கே சான்றின் அருமை விளங்கும்.